டிரைவருக்கும் ஒரு டிக்கெட்!

பத்மநாபபுரம் அரண்மனை வாசலுக்கு அவர் ஆயிரம் முறையாவது போயிருப்பார். உள்ளே போனது ஒருமுறைகூட இல்லை.

தக்கலையில் டூரிஸ்ட் கார் ஓட்டுகிறார். முப்பது வருட அனுபவம். கேரளாவிலிருந்து வரும் குடும்பங்கள், மதுரைப் பக்கத்திலிருந்து வரும் புதுமண ஜோடிகள், வட இந்தியாவிலிருந்து வரும் வயதான தம்பதிகள் என்று எல்லோரையும் ஏற்றிப் போவார். காலையில் திருவட்டாறு, அடுத்து மாத்தூர் தொட்டிப்பாலம், அப்புறம் அரண்மனை, மாலையில் கன்னியாகுமரி. ராத்திரி திரும்பிக் கொண்டுவந்து விடுவார். இதற்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘ஒன் டே டிரிப்’.

ஒவ்வொரு இடத்திலும் அவர் பேசுகிற வசனம் ஒன்றுதான். “ஒரு மணி நேரம் ஆகும். நிதானமா பாத்துட்டு வாங்க. நான் இங்கதான் நிப்பேன்.” அவர்கள் உள்ளே போவார்கள். அவர் நிழல் பார்த்து வண்டியை நிறுத்திவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்துவிடுவார்.

மனைவியின் கதையும் ஏறக்குறைய இதுதான். அவர் காத்திருந்தது வீட்டுக்குள். மாமியார் பக்கவாதத்தில் விழுந்த பிறகு பதினோரு வருடங்கள். காலையில் உடம்பு துடைத்துவிட வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரி ஏழு மணிக்கு மாத்திரை. தவறினால் மறுநாள் முழுக்க அவதி. பக்கத்துத் தெரு கல்யாணத்துக்குப் போனால்கூட, தாலி கட்டியதும் வாழ்த்திவிட்டு ஓடி வருவார். சாப்பாடு பார்சலில் வரும். வீட்டிலிருந்து பதினைந்து நிமிடம் நடந்தால் அரண்மனை. ‘பக்கத்துலதானே இருக்கு, எப்ப வேணும்னாலும் போலாம்’ என்பதாலேயே போகாமல் போன இடங்களில் அதுவும் ஒன்று.

போன ஐப்பசியில் மாமியார் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகுதான் அந்த வீட்டின் அமைதி தெரிந்தது. நேரம் நிறைய இருந்தது. அதை என்ன செய்வது என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

மகள் கேட்ட கேள்வி

ஒரே மகள். கல்யாணமாகி, கணவருக்கு டோக்கியோவில் கம்ப்யூட்டர் வேலை என்பதால் அங்கே இருக்கிறார். லீவு நாள் வந்தால் இருவரும் காலையிலேயே கிளம்பிவிடுவார்கள். போகிற இடத்திலிருந்தெல்லாம் அம்மாவின் போனுக்குப் படம் வரும். அசகுசாவில் பெரிய சிவப்பு விளக்குத் தொங்கும் கோயில் வாசல், 634 மீட்டர் உயர ஸ்கை ட்ரீ கோபுரம், நாலு பக்கமும் ஜனங்கள் ஒரே நேரத்தில் சாலையைக் கடக்கும் ஷிபுயா, ராத்திரி கண்ணைக் கூசவைக்கும் ஷின்ஜுகு விளக்குகள்.

ஒருநாள் உயெனோ என்ற இடத்திலிருந்து ஒரு படம் வந்தது. தாமரைக் குளத்துக்கு நடுவே ஒரு கோயில். கூடவே மகளின் குரல் பதிவு: “அம்மா, இது யாரு கோயில்னு தெரியுமா? நம்ம சரஸ்வதி! இங்க பென்சைட்டென்னு சொல்லுவாங்க. கையில வீணை மாதிரியே ஒண்ணு வெச்சிருப்பாங்களாம்.”

புத்த மதத்தோடு சேர்ந்து சீனா வழியாக ஜப்பானுக்குப் போன சரஸ்வதிதான் அங்கே பென்சைட்டென் ஆனாள். இது கேட்டதும் அம்மாவுக்குச் சந்தோஷம். “நம்ம அரண்மனை சரஸ்வதி மாதிரியா?” என்று பதில் அனுப்பினார். பத்மநாபபுரம் அரண்மனையின் தேவாரக்கெட்டு சரஸ்வதி, நவராத்திரிக்கு யானை மேல் ஏறித் திருவனந்தபுரம் போவாள். கூடவே வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும். கம்பர் பூஜித்த சரஸ்வதி என்பது ஊர் நம்பிக்கை. அந்த ஊர்வலத்தை ரோட்டோரம் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறார் அம்மா. அவள் இருக்கிற இடத்தில் போய்ப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் மகள் அப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பா, இதுவரைக்கும் எத்தனை ஜோடிய கன்னியாகுமரி கூட்டிட்டுப் போயிருப்பீங்க?”

“அதுக்கு என்ன கணக்கு மக்களே… ஆயிரத்துக்கு மேல இருக்கும்.”

“அதுல அம்மா உண்டா?”

அவர் பதில் சொல்லவில்லை. வண்டி துடைக்கும் துணியைத் தேடுவது போல வெளியே போய்விட்டார். ராத்திரி சாப்பிட உட்கார்ந்தபோது சொன்னார்: “செவ்வாய்க்கிழமை வண்டிக்கு ஓட்டம் இல்ல பிள்ளே. நாம ஒரு டிரிப் போவோம். காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும்.”

“திங்கக்கிழமைதான் உங்களுக்குச் சும்மா கிடக்கும்ல்லா?”

“திங்கக்கிழமை அரண்மனை லீவு.” தொழில் தெரிந்தவரின் பதில் அது.

மூன்று வாசல் தரிசனம்

தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் கார் கதவைத் திறந்துவிட்டதும் மனைவி பழக்கதோஷத்தில் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும்போதெல்லாம் மாமியாரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அங்கேதான் உட்காருவார். “முன்னால வா பிள்ளே, நீ இன்னைக்குப் பார்ட்டியில்லா” என்றார் அவர்.

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாள் கோயில் 108 திவ்யதேசங்களில் ஒன்று. 22 அடி நீளத்துக்குப் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல்கள் வழியாகத்தான் முழுசாகப் பார்க்க முடியும். 16,008 சாளக்கிராமங்களைக் கொண்டு கடுசர்க்கரைக் கலவையில் செய்த திருமேனி என்பார்கள். 418 வருடங்கள் கழித்து, 2022 ஜூலை 6-ம் தேதி இங்கே கும்பாபிஷேகம் நடந்தது. அன்று அவர் விடியற்காலையிலிருந்து ஆட்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். மனைவியும் மாமியாரும் வீட்டில் டிவியில் பார்த்தார்கள். “எனக்கு அங்க போய் ஒருக்கா கும்பிடணும் பிள்ளே” என்று மாமியார் சொன்னதும், “உடம்பு தேறட்டும் மாமி, போவோம்” என்று இவர் சொன்னதும் அப்போதுதான்.

கோயில் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அவர் வாயில் தானாக வந்தது: “முக்கால் மணி நேரம் ஆகும். பாத்துட்டு…”

மனைவி இறங்கி நின்று அவரையே பார்த்தார். “நீங்க வரலியா?”

அவர் சட்டையைக் கழற்றிக் காரில் போட்டுவிட்டு, வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னாலேயே போனார். மூன்று வாசல்களிலும் மனைவி நின்று நிதானமாகக் கும்பிட்டார். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை. இரண்டாவது யாருக்காக என்று அவர் கேட்கவில்லை.

அங்கிருந்து மாத்தூர் தொட்டிப்பாலம் பக்கம்தான். காமராஜர் ஆட்சிக்காலத்துத் திட்டம். விளவங்கோடு, கல்குளம் தாலுகாக்களின் வயல்களுக்குத் தண்ணீர் கொண்டுபோக, பறளியாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் 28 தூண்களை நிறுத்தி, 115 அடி உயரத்தில் கட்டிய கால்வாய். ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குத் தண்ணீர் காற்றில் நடந்து போகிற மாதிரி இருக்கும். ஓரத்தில் ஆட்கள் நடக்கப் பாதை உண்டு.

மனைவிக்கு முட்டுவலி. பாதி தூரத்தில் நின்றுவிட்டார். காற்று சேலையை இழுத்தது. கீழே தென்னையும் ரப்பரும் செடி மாதிரி தெரிந்தன. “பயமா இருந்தா திரும்பிருவோம்” என்றார் அவர். “பயம் இல்ல. இவ்வளவு தூரம் பாத்து ரொம்ப நாளாச்சு” என்றார் மனைவி. அப்புறம் மறுகரை வரைக்கும் நடந்தார்.

அரண்மனைக்குள் கேட்ட மூன்று கேள்விகள்

ஒன்பது மணிக்கு அரண்மனை டிக்கெட் கவுன்டர் திறக்கும். அங்கே வேலை செய்பவர்கள் பலருக்கும் அவரைத் தெரியும். “என்ன அண்ணே, இன்னைக்கு எத்தனை பேரு?” என்று கேட்டார் ஒருவர். “ரெண்டு” என்றார். “பார்ட்டி எங்க?” “நாங்கதான் பார்ட்டி. டிரைவருக்கும் சேத்து ஒரு டிக்கெட் குடு.” கேட்டவர் சிரித்ததில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கல்குளம் என்று இருந்த இந்த ஊர்தான் திருவிதாங்கூரின் பழைய தலைநகரம். இப்போதுள்ள அரண்மனையின் பெரும்பகுதி, 18-ம் நூற்றாண்டில் மார்த்தாண்ட வர்மா காலத்தில் உருவானது. 1750-ல் அவர் தன் நாட்டையே பத்மநாப சுவாமிக்குக் காணிக்கையாக எழுதிக் கொடுத்தார். ஊருக்கும் பத்மநாபபுரம் என்று பெயர் வந்தது. 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. 1956 நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும், அரண்மனையின் பராமரிப்பு மட்டும் கேரள அரசிடமே இருந்துவிட்டது. தமிழ்நாட்டு மண்ணில் கேரளத் தொல்லியல் துறை பார்த்துக்கொள்ளும் அரண்மனை இது.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். முன் பக்கத்துப் பூமுகத்தின் மரக்கூரையில் தாமரையும் மற்ற பூக்களுமாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை. மாடியில் மந்திரசாலை. தரை கறுப்பாக, முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கிறது. சிரட்டைக்கரியும் சுண்ணாம்பும் முட்டை வெள்ளையும் சேர்த்துத் தேய்த்த தரை என்று அங்கிருந்த ஊழியர் விளக்கினார். மனைவி குனிந்து கையால் தடவிப் பார்த்தார்.

அவருடைய முதல் கேள்வி ஊட்டுப்புரையில் வந்தது. மேலும் கீழுமாக இரண்டு தளங்களிலும் 2,000 பேர் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய நீள மண்டபம். ஓரத்தில் ஊறுகாய் போட்டுவைத்த பெரிய சீன ஜாடிகள். “2,000 பேருக்குச் சமைச்சிருக்காங்க சரி, பாத்திரம் கழுவுனது யாரு?” சுற்றி நின்ற பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

இரண்டாவது கேள்வி உப்பரிகை மாளிகையில். அங்கே மூலிகை மரங்களால் செய்த ராஜா கட்டில் இருக்கிறது. 64 வகை மரங்கள் என்கிறார்கள். எல்லோரும் வேலைப்பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மனைவி கேட்டார்: “இதுல படுத்தா முதுகுல புண்ணு வராதாமா?” ஊழியருக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அவருக்கு மட்டும்தான் அந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும். பதினோரு வருடங்களில் அம்மாவின் முதுகில் ஒரு புண் வந்ததில்லை. வராமல் பார்த்துக்கொண்டவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். அதை இதுவரை ஒருமுறைகூட அவர் வாய்விட்டுச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை. ஆனால், அடுத்த மாடிப்படி செங்குத்தாக இருந்ததால் கையைப் பிடித்து இறக்கினார்.

மூன்றாவது கேள்வி நவராத்திரி மண்டபத்தில். கல்தூண்கள், கண்ணாடி மாதிரித் தரை. பாட்டும் நாட்டியமும் நடந்த இடம். பக்கத்தில் மரச்சட்டம் அடித்த ஒரு மறைவிடம். “ராணிமாருங்க வெளிய தெரியாம இதுக்குள்ள இருந்துதான் பாப்பாங்க” என்று சொன்னார்கள். மனைவி அந்தச் சட்டத்தின் இடுக்கில் கண்ணை வைத்து மண்டபத்தைப் பார்த்தார். “ராணிக்கும் இப்படித்தானா?” என்றார்.

சரஸ்வதி சந்நிதியில் நின்று ஒரு படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்கள். கோபுரம் மட்டும்தான் தெரிந்தது. ‘இவதான் நம்ம ஊர் பென்சைட்டென்’ என்று அப்பா தட்டச்சு செய்ததில் இரண்டு எழுத்துப்பிழை.

குடும்பத்தோடு சாப்பிடும் மேஜை

மதியச் சாப்பாடு நாகர்கோவிலில். டூரிஸ்ட் பார்ட்டியைக் கூட்டி வரும் டிரைவர்களுக்குப் பல ஓட்டல்களில் தனி மேஜை இருக்கும். சமையற்கட்டுக்குப் பக்கத்தில். அங்கே வேகமாகச் சாப்பிட்டு, பார்ட்டி கை கழுவுவதற்குள் வண்டிக்குப் போய்விட வேண்டும். அவர் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பியது. சப்ளையரே தோளைப் பிடித்து, ஃபேனுக்குக் கீழே இருந்த மேஜையில் உட்கார வைத்தார்.

இலையில் பருப்பு, நெய், அவியல், எரிசேரி, சாம்பார், புளிசேரி, பாயசம் என்று வரிசையாக வந்தது. “அவியலுக்குத் தேங்கா கொஞ்சம் கம்மி” என்றார் மனைவி. ஆனால், மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். வேறொருவர் சமைத்து, வேறொருவர் பரிமாறி, கடைசிவரை எழுந்திருக்காமல் சாப்பிட்ட சாப்பாடு.

கன்னியாகுமரி போய்ச் சேரும்போது மணி இரண்டு. பொதுவாகப் படகு டிக்கெட் நாலு மணியோடு முடிந்துவிடும் என்பதால், அவர் முதலில் வரிசைக்குத்தான் ஓடினார். 1970-ல் திறக்கப்பட்ட விவேகானந்தர் பாறை, 2000 ஜனவரி 1-ல் திறக்கப்பட்ட 133 அடி திருவள்ளுவர் சிலை. கடல் சரியில்லாத நாட்களில் சிலைக்குப் படகு போகாது. எத்தனையோ பார்ட்டிகள் பாறையிலிருந்தே வள்ளுவரைப் பார்த்துவிட்டு ஏமாற்றத்தோடு வண்டி ஏறியதை அவர் பார்த்திருக்கிறார். இப்போது அந்தக் கவலை இல்லை. 37 கோடி ரூபாய் செலவில், 77 மீட்டர் நீளத்தில் கட்டிய கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-ல் திறக்கப்பட்டது. பாறையிலிருந்து சிலைக்கு நடந்தே போய்விடலாம்.

காலுக்குக் கீழே கண்ணாடி. அதற்குக் கீழே அலை. இந்த முறை நின்றுவிட்டவர் அவர்தான். “நான் இங்கதான் நிப்பேன், நீ பாத்துட்டு வா” என்றார். “காலையில 115 அடி மேல நடந்தாச்சு, இதுக்கா பயப்படுதிய?” என்று மனைவி கையை நீட்டினார்.

ஏழு மணி

சூரியன் கடலில் இறங்கியபோது கரை முழுக்கக் கூட்டம். அவர் வழக்கமாக இந்த நேரத்தில் பார்க்கிங்கில் இருப்பார். பார்ட்டிகள் திரும்பி வந்து காட்டும் செல்போன் படங்களில்தான் கன்னியாகுமரி அஸ்தமனத்தைப் பார்த்திருக்கிறார்.

பகவதி அம்மன் கோயிலில் தரிசனம். அம்மனின் மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று நினைத்துக் கப்பல்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கிழக்கு வாசல் அடைத்தே இருப்பதாகவும் கதை. சுசீந்திரத்து ஈசனைக் கல்யாணம் செய்யக் காத்திருந்தாள் குமரி. நள்ளிரவு முகூர்த்தம். மாப்பிள்ளை வரும் வழியில் நாரதர் சேவலாகக் கூவ, விடிந்துவிட்டது என்று அவர் திரும்பிவிட்டார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியும் பருப்பும்தான் கரையில் பல நிற மணலாகக் கிடக்கிறது என்பார்கள்.

வெளியே வந்து நடக்கும்போது மனைவி சொன்னார்: “காத்திருந்தாலும் அவளுக்கு முன்னால கடல் இருக்குல்லா.”

அவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வந்தார். ஒன்றும் பேசவில்லை.

கடைவீதியில் விளக்குகள் எரியத் தொடங்கின. சங்கு, சிப்பி மாலை, நேந்திரங்காய் சிப்ஸ், பனங்கற்கண்டு. எண்ணெயில் பழம்பொரி பொங்கும் சத்தம். வடக்கிலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாகப் பாடிக்கொண்டு போனார்கள். தூரத்தில் வள்ளுவர் சிலை வெளிச்சத்தில் நின்றது. இந்த ஊரின் ‘நைட் லைஃப்’ இவ்வளவுதான். ஆனால், மனைவி ஒரு கடையிலும் நிற்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார். மணி ஏழு.

“என்ன பிள்ளே?”

“ஒண்ணும் இல்ல. மாமிக்கு மாத்திரை குடுக்கிற நேரம்.”

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. கடல் பார்த்த திண்டில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. மாமியார் போன அன்று வேலைகளுக்கு நடுவில் அழ நேரம் கிடைக்காத அழுகை அது. “நான் இப்படிச் சுத்துறது தப்பா இருக்குமோ?” என்று கேட்டார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். “எங்கம்மா முதுகுல ஒரு புண்ணு வரல பிள்ளே” என்றார். காலையில் அரண்மனையில் சொல்ல வேண்டியது, ராத்திரி கடற்கரையில் வந்தது. “அதுக்கு மேல ஒருத்தரால என்ன செய்ய முடியும்?” அப்புறம் எழுந்து போய் இரண்டு சாயாவும் பழம்பொரியும் வாங்கி வந்தார்.

எட்டரை மணிக்கு மகள் அழைத்தார். இந்தியாவைவிட ஜப்பான் மூன்றரை மணி நேரம் முன்னால் போகிறது. அங்கே நள்ளிரவு. மகளும் மருமகனும் ஊர் சுற்றிவிட்டு, கடைசி ரயிலைப் பிடிக்க ஸ்டேஷனில் நின்றார்கள். “அம்மா, எங்க இருக்க? பின்னால ஒரே வெளிச்சமா இருக்கு?” அம்மா போனைத் திருப்பிக் கடலைக் காட்டினார், கடைவீதியைக் காட்டினார், சாயா கிளாஸைக் காட்டினார். “ராத்திரி எட்டரை மணிக்கு நீ வெளியில நிக்கியா!” என்று மகள் கத்தியது பக்கத்தில் இருந்தவர்களுக்கும் கேட்டது. “நிக்கேன். இன்னும் கொஞ்ச நேரம் நிப்பேன்” என்றார் அம்மா.

கிளம்பும்போது ஒன்பதரை. நாகர்கோவில் தாண்டியதும் மனைவி முன்சீட்டிலேயே தூங்கிவிட்டார்.

எவ்வளவு நேரமானாலும் டிரிப் ஷீட் எழுதாமல் அவர் படுக்க மாட்டார். அது பழக்கம். அன்றும் எழுதினார். புறப்பட்ட நேரம் 5.30. முடித்த நேரம் 10.40. தூரம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். பார்ட்டி பெயர் என்ற இடத்தில் மனைவியின் பெயரை எழுதினார். அடுத்தது ‘வெயிட்டிங்’. எத்தனை மணி நேரம் காத்திருந்தார் என்று குறிக்கும் கட்டம். முப்பது வருடங்களில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததே இல்லை.

அன்று அதில் ஒரு கோடு போட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.